பணியிடத்தில் நேர்மை தவறியபின்: மனந்திரும்புதலைச் செயலில் நிறைவேற்ற ஒரு வழிகாட்டி

வேலையிடத்தில் நேர்மை தவறிவிட்டு, அதைத் தேவனிடம் அறிக்கையிட்ட பிறகும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் கிறிஸ்தவருக்காக இதை எழுதுகிறேன். போகாத பயணத்துக்குச் செலவு எழுதியது, கையூட்டு வாங்கியது, சோதனை நடத்தாமலேயே சோதனை அறிக்கையில் கையெழுத்திட்டது, சக ஊழியரின் உழைப்பைத் தன் பெயரில் காட்டிக்கொண்டது, தன் தவறை இன்னொருவர் தலையில் கட்டியது, இல்லாத தகுதியைச் சொல்லி வேலையில் சேர்ந்தது, பதவியைப் பயன்படுத்தி ஒருவரிடம் தகாத முறையில் நடந்துகொண்டது என்று இதற்குப் பல உருவங்கள் உண்டு. சபையில் மூப்பராக இருக்கும் பொறுப்பினால், இந்த நிலையில் இருந்த சிலருக்கு முதல் உரையாடலிலிருந்து கடைசித் தவணை வரை துணையாக இருந்திருக்கிறேன். மனந்திரும்புதலைப் பற்றிய பிரசங்கங்கள் நிறையவே கிடைக்கின்றன. ஆனால் கடிதத்தில் என்ன எழுதுவது, யாரிடம் முதலில் பேசுவது, பணத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை. நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை, உங்களுக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டாம் என்பதற்காக இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்படும் படிகள் எதுவும் தேவனுடைய மன்னிப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஆகாது. ஆயக்காரருக்குத் தலைவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சொன்னது (லூக்கா 19), இயேசு அவன் வீட்டில் தங்க வேண்டும் என்று சொல்லி அவனை மரத்திலிருந்து இறங்கச் செய்த பிறகுதான். இந்த வரிசை மாறினால், பணத்தைக் கட்டி முடித்த பின்னும் மனம் அமைதி அடையாது. இன்னும் எவ்வளவு கட்டினால் போதும் என்ற கேள்வியே மிஞ்சும்.

1. இன்றே நிறுத்துங்கள்; எதையும் அழிக்காதீர்கள்

நீதிமொழிகள் 28:13 இரக்கம் பெறுகிறவனை "அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவன்" என்று சொல்கிறது. விட்டுவிடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, ஆகவே அது இன்றைக்கே நடக்க வேண்டிய காரியம். இந்த மாதச் செலவுப் படிவம் பாதி எழுதியபடி கிடந்தால் உண்மைத் தொகையை மட்டும் எழுதிச் சமர்ப்பியுங்கள். கையூட்டுத் தருபவரிடம் இனி வாங்கமாட்டேன் என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். காரணம் விளக்கத் தொடங்கினால் பேரம் தொடங்கிவிடும்.

இந்தக் கட்டத்தில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. குற்ற உணர்வு தாங்காமல் பழைய மின்னஞ்சல்களையும் கோப்புகளையும் அழித்துவிடுகிறார்கள். அசுத்தத்தைக் கழுவிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. அது புதிய மறைப்பு. பல சூழல்களில் தனிக் குற்றமாகவும் கருதப்படும். அதேபோல் நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களைப் படியெடுத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். உங்களுக்குச் சொந்தமான சம்பளச் சீட்டுகளும் வங்கிக் கணக்கு அறிக்கைகளும் போதும்.

உங்கள் பொய்யினால் யாருடைய உயிருக்காவது உடல்நலத்துக்காவது ஆபத்து இருக்குமானால், அதாவது சோதிக்கப்படாத இயந்திரமோ மருந்தோ கட்டடமோ இப்போது பயன்பாட்டில் இருக்குமானால், பின்வரும் படிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உரிய பொறுப்பாளரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

2. துணைக்கு ஒருவரையும் சட்டம் தெரிந்த ஒருவரையும் தேடுங்கள்

முதலில் உங்கள் போதகரிடமோ முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ பேசுங்கள். உங்களை உடனே தேற்றி அனுப்பிவிடாதவரும், ஊரெல்லாம் பேசாதவருமாக அவர் இருக்க வேண்டும். நாத்தான் தீர்க்கதரிசி, பாவம் செய்த தாவீது ராஜாவிடம் கர்த்தர் பாவத்தை நீங்கச் செய்தார் என்றும் சொன்னார், பட்டயம் வீட்டைவிட்டு விலகாது என்றும் சொன்னார். இரண்டையும் சொல்லும் துணிவுள்ளவரே உங்களுக்குத் தேவை.

பேசத் தொடங்குமுன், நீங்கள் சொல்வதை அவர் எந்த அளவுக்கு ரகசியமாகக் காக்க முடியும் என்று கேட்டுவிடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) சொல்லப்படுவதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தெளிவாகக் கூறுகிறது. மற்றச் சபைகளில் போதகருடன் நடக்கும் உரையாடலுக்கு அதே பாதுகாப்பு எப்போதும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தொகை பெரிதாக இருந்தாலோ, செய்தது சட்டப்படி குற்றமாக இருந்தாலோ, எழுத்தில் எதையும் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். முதல் ஆலோசனைக்குக் கட்டணம் எவ்வளவு, கடிதத்தைப் பார்த்துத் தர எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் எந்த நோக்கத்தோடு வந்திருக்கிறீர்கள் என்பதையும் அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வாயைத் திறக்காதீர்கள் என்பதே வழக்கறிஞர் பலரின் முதல் அறிவுரையாக இருக்கும், அவருடைய தொழிலில் அது நியாயமும்கூட. உண்மையைச் சொல்லி ஈடுசெய்யப் போகிறேன், அதை எந்த விதத்தில் செய்தால் மற்றவர்களுக்குத் தேவையற்ற சேதம் வராது என்று கேட்டால், அவர் வேறு விதமாக உதவுவார். ஆலோசனை கேட்பது விசுவாசக் குறைவு என்று சிலர் சொல்லக்கூடும். அதை நான் ஏற்கவில்லை. அறியாமல் எழுதிய ஒரு வாக்கியத்தால் குற்றத்தில் பங்கில்லாத ஒருவர் மாட்டிக்கொள்ள நேரலாம்.

திருமணமானவராக இருந்தால், அலுவலகத்துக்குச் சொல்வதற்கு முன் வாழ்க்கைத்துணைக்குச் சொல்லிவிடுங்கள். வேலை போகலாம், சேமிப்பு கரையலாம். அந்த இழப்பை உங்களோடு சுமக்கப் போகிறவர் அதை மூன்றாம் ஆள் வாயிலாகக் கேட்கக் கூடாது.

3. கணக்கை எழுதுங்கள்

இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பத்திகள் போடுங்கள்: நாள், செய்தது என்ன, தொகை அல்லது நஷ்டம், பாதிக்கப்பட்டவர் யார், அதை நிரூபிக்கும் ஆவணம் எது. வழக்கறிஞரைப் பார்த்திருந்தால், இந்தக் குறிப்பை எப்படி எழுதுவது, எங்கே வைப்பது என்று அவரிடம் கேட்டபிறகு எழுதுங்கள். சரியான தொகை நினைவில் இல்லாத இடங்களில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டையும் எழுதிவிட்டு, அதிகபட்சத்தையே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நினைவு எப்போதும் நமக்குச் சாதகமாகவே சாயும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு நண்பருடைய சந்திப்பில் நேரில் பார்த்தேன். அவர் கணக்குப் பிரிவில் இருந்தவர். மேலாளர் முன் கலங்கிய கண்களோடு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மேலாளர் நிதானமாகக் கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எவ்வளவு?" என்பதுதான். நண்பரிடம் பதில் இல்லை. "அவ்வளவாக இருக்காது, சார்" என்றார். அந்த நொடியில் மேலாளர் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, தணிக்கைப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினார். தானாக முன்வந்து சொன்ன ஒருவர், அரை மணி நேரத்தில் எதையோ இன்னும் மறைப்பவராக ஆகிவிட்டார். கையில் ஒரு தாளில் தொகை இருந்திருந்தால் அந்த நாள் வேறு விதமாக நடந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பணத்தோடு தொடர்பில்லாத தவறுகளுக்கும் இந்தக் கணக்கு தேவை. ஒருவருடைய வேலையை உங்கள் பெயரில் காட்டியிருந்தால், அதனால் அவருக்குத் தவறிய பதவி உயர்வு எது, எந்தக் கூட்டத்தில் யார் முன்னிலையில் அது நடந்தது என்று எழுதுங்கள். வீணடித்த வேலை நேரத்தையும் மணிக்கணக்கில் குறியுங்கள்.

மற்றவர்களுக்குப் பங்கு இருந்தாலும் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். அவர்களுக்காக அறிக்கையிடும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. ஆனால் விசாரணையில் நேரடியாகக் கேட்கப்பட்டால் உண்மையையே சொல்ல வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள்.

4. தேவனுக்கு முன்பாக, அவசரமில்லாமல்

கணக்கை எழுதிய பின் அதே நோட்டை வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். "நான் பாவி" என்று பொதுவாகச் சொல்வது எளிது. வரிவரியாகப் பெயர் சொல்லி அறிக்கையிடுவது கடினம். சங்கீதம் 32-ம் 51-ம் இந்த வேளைக்கு உதவும். 2 கொரிந்தியர் 7:10-ல் பவுல் பிரித்துக் காட்டும் தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் ஆகிய இரண்டில் உங்களுடையது எது என்று கேட்டுப்பாருங்கள். யாருக்கும் தெரியவராது என்று இன்று உறுதியாகிவிட்டால் உங்கள் துக்கம் தீர்ந்துவிடுமா? தீர்ந்துவிடும் என்றால் அடுத்த படிக்கு இன்னும் போகாதீர்கள். உங்கள் துணையாளரிடம் அதையே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

5. ஒரே பக்கத்தில் கடிதம்

கடிதத்தில் ஐந்து காரியங்கள் இருந்தால் போதும்: செய்தது என்ன, எந்தக் காலத்தில், எவ்வளவு, எப்படித் திருப்பிச் செலுத்தப் போகிறீர்கள், விசாரணைக்கு ஒத்துழைப்பீர்கள் என்ற உறுதி. பக்கம் இரண்டாகும்போது அங்கே சாக்குகள் நுழைந்திருக்கும்.

"என்னால் ஏதாவது தவறு நடந்திருந்தால் மன்னிக்கவும்" என்று எழுதாதீர்கள். "சென்ற மார்ச் முதல் ஆகஸ்டு வரை நான் சமர்ப்பித்த பயணச் செலவுப் படிவங்களில் ஏழு படிவங்கள் பொய்யானவை, அந்தப் பயணங்களை நான் மேற்கொள்ளவில்லை, அவற்றின் மூலம் நான் பெற்ற தொகை 60,000" என்று எழுதுங்கள். அந்தக் காலத்தில் இருந்த கடன் தொல்லை, மேலதிகாரியின் நெருக்கடி, எல்லாரும் செய்கிறார்கள் என்ற சூழல் ஆகியவை உண்மையாகவே இருந்திருக்கலாம். அவற்றைப் போதகரிடம் பேசுங்கள், கடிதத்தில் வேண்டாம். சவுல் ராஜா "நான் பாவஞ்செய்தேன்" என்று சொன்ன அதே மூச்சில் ஜனங்களுக்குப் பயந்ததாகவும் சொன்னான். மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படியும் கேட்டான் (1 சாமுவேல் 15). உங்கள் கடிதத்தில் இந்த இரண்டின் சாயல் எங்காவது தெரிகிறதா என்று துணையாளரை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடிதத்தில் வேதவசனங்களும் தேவையில்லை. பெறுபவர் அவற்றைத் தன்மீது வைக்கப்படும் அழுத்தமாக உணரக்கூடும்.

6. சந்திப்பு: எப்போது, யாரிடம்

உருக்கமான ஆராதனை முடிந்த இரவில் உணர்ச்சிப் பெருக்கில் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம்; கணக்கும் கடிதமும் ஆலோசனையும் முடிந்தபின் ஒரு வாரத்துக்குமேல் கடத்தினால், ஏன் கடத்துகிறோம் என்று உங்களையே விசாரியுங்கள். வழியில் இருக்கும்போதே சீக்கிரமாய் நல்மனம் பொருந்தச் சொல்கிறது மத்தேயு 5:25. தணிக்கை தொடங்கிய பின் சொல்லும் உண்மைக்கும் அதற்கு முன் சொல்லும் உண்மைக்கும் கேட்பவர் தரும் மதிப்பு ஒன்றல்ல.

ஒரு சோதனையைப் பற்றி உங்களை முன்னமே எச்சரிக்க வேண்டும். ஊக்கத்தொகையோ பதவி உயர்வோ வரவிருக்கும் நேரத்தில், அது கைக்கு வந்தபின் சொல்லலாமே, திருப்பிக் கொடுக்கவும் உதவுமே என்று மனம் கணக்குப் போடும். உண்மை தெரிந்திருந்தால் அவர்கள் தந்திருக்க மாட்டார்கள் என்பதால், அப்படி வாங்கும் தொகையும் உங்கள் நோட்டில் ஏற வேண்டிய வரியாகிவிடும்.

எதுவும் சொல்லாமல் ராஜினாமா செய்துவிட்டால் முடிந்தது என்றும் சிலர் நினைக்கிறார்கள். நீங்கள் வெளியேறினாலும் பொய் அறிக்கை அங்கேயே கோப்பில் இருக்கும், பழி சுமந்தவர் பழியோடுதான் இருப்பார்.

சந்திப்புக்கு முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்குங்கள். தனிச் சந்திப்பாகவும், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரோடும் அது இருக்கட்டும். கடிதத்தின் இரண்டு பிரதிகளைக் கொண்டுசென்று, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். சொல்லவேண்டியதைச் சொன்னபின் பேசாமல் இருங்கள். அவர் கோபப்படலாம், நம்பாமல் இருக்கலாம். அந்த இடத்திலேயே மன்னிப்புக் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, குற்றம் செய்தவரின் நிம்மதிக்காக இன்னொரு சுமையை அவர்மேல் ஏற்றுவதாகும்.

பாலியல் துன்புறுத்தல், மிரட்டல் போன்ற காரியங்களில் இந்தப் படி முற்றிலும் வேறு. பாதிக்கப்பட்டவரை நேரிலோ தொலைபேசியிலோ கடிதத்திலோ நீங்கள் தொடர்புகொள்ளவே கூடாது. சபையார் வழியாகத் தூது அனுப்பவும் கூடாது. உங்கள் முகத்தை மறுபடி பார்ப்பதே அவருக்குத் துன்பம். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடமோ புகார்க் குழுவிடமோ உண்மையை ஒப்புக்கொண்டு, அவர்கள் வகுக்கும் வழியில் மட்டும் நடங்கள். கிறிஸ்தவர் என்பதால் அவர் உங்களை மன்னித்துத்தான் ஆகவேண்டும் என்று சபையில் யாராவது அவரிடம் பேசப் போனால், அவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டிய முதல் ஆள் நீங்கள்.

7. ஈடுசெய்தல்

எவ்வளவு என்பதே எல்லாரும் கேட்கும் கேள்வி. லேவியராகமம் 6-ம் அதிகாரம், வஞ்சித்து எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. அதுவும் பலி செலுத்தும் அந்த நாளிலேயே. 60,000 எடுத்தவர் 12,000 சேர்த்து 72,000 கொடுக்க வேண்டும். சகேயு அதைவிடப் பலமடங்கு முன்வந்தான். இன்றைய விசுவாசியை இந்த விகிதம் சட்டமாகக் கட்டுப்படுத்துவதில்லை என்றே பல போதகர்கள் கற்பிக்கிறார்கள். ஆனாலும், எடுத்த தொகையை அப்படியே வைத்தால் போதாது, இடைப்பட்ட காலத்தில் உரியவருக்கு ஏற்பட்ட இழப்பும் உண்டு என்ற நியாயம் மாறவில்லை. நான் உடனிருந்தவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் குறைந்தபட்ச அளவாகவே சொல்லியிருக்கிறேன்.

யாருக்கு என்பது இரண்டாவது கேள்வி. தவறு அதிகமாக நடப்பதும் இங்கேதான். நிறுவனத்திடம் எடுத்ததைக் காணிக்கைப் பெட்டியில் போட்டால் அது ஈடாகாது. எண்ணாகமம் 5:7, 8 வரிசையைச் சொல்கிறது: முதலில் உரியவர், அவர் இல்லையென்றால் அவருடைய உறவின்முறையார், அதற்கும் ஆள் இல்லாதபோதுதான் அது கர்த்தருக்கு என்று ஆசாரியனைச் சேரும். நிறுவனம் மூடப்பட்டிருந்தால் அதை வாங்கியவர், பழைய உரிமையாளர், அவருடைய வாரிசுகள் என்று தேடுங்கள். யாருமே கிடைக்காதபோது ஏழைகளுக்குக் கொடுங்கள். அந்தப் பணத்திலிருந்து ஏற்கெனவே தசமபாகம் கொடுத்திருந்தால், அதைக் கழித்துக்கொள்ள வேண்டாம்.

பெயர் சொல்லாமல் உறையில் வைத்து அனுப்பிவிடலாமா என்றும் கேட்கிறார்கள். பணம் போய்ச் சேரும்; ஆனால் அந்தத் தொகை குறைந்ததற்காகச் சந்தேகிக்கப்பட்டவர் விடுவிக்கப்படமாட்டார். யார்மீதும் பழி விழவில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். பிலேமோனின் அடிமையான ஓநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் வைக்கச் சொன்ன பவுல், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று சொந்தக் கையாலே எழுதிக் கொடுத்தார் (பிலேமோன் 18, 19). நீங்களும் எழுத்தில் கொடுங்கள்: மொத்தத் தொகை, மாதத் தவணை, தேதி, எந்தக் கணக்கு. உங்களால் உண்மையிலேயே கட்டக்கூடிய தவணையைச் சொல்லுங்கள். உருக்கத்தில் பெரிய தொகையை ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதத்திலேயே தவறினால், சொன்ன சொல்லும் பொய்யாகும். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகச் செலுத்தி, ஒவ்வொரு ரசீதையும் வைத்திருங்கள். வட்டிக்குக் கடன் வாங்கி அடைப்பதற்கு முன், விற்கக்கூடிய பொருள் எது என்று பாருங்கள்.

கெடுத்த பெயருக்கு ஈடு, அது கெட்ட இடத்திலேயே நடக்க வேண்டும். பத்துப் பேர் கூட்டத்தில் ஒருவர்மேல் பழி போட்டிருந்தால், தனியறையில் அவரிடம் கேட்கும் மன்னிப்புப் போதாது. அதே பத்துப் பேருக்கும் உண்மை தெரிய வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் முதலில் கேட்டு, அவர் விரும்பும் விதத்தில் அதைச் செய்யுங்கள்.

8. வரும் விளைவை ஏற்றுக்கொள்ளுங்கள்

பணிநீக்கம், பதவியிறக்கம், வழக்கு ஆகிய எதுவும் வரலாம். ஜெபித்துவிட்டுச் சென்றதால் வேலை நிலைக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. சிலருக்கு நிலைத்தது, சிலருக்குப் போனது. தண்டனை நியாயமான அளவைத் தாண்டும்போது சட்டப்படி உங்கள் தரப்பைச் சொல்லலாம். அதில் பாவமில்லை, பொய் மட்டும் கலக்கக் கூடாது.

சபையில் பொருளாளர், போதனை போன்ற பொறுப்புகளிலிருந்து நீங்களாகவே விலகுங்கள், எப்போது திரும்புவது என்பதை மூப்பர்கள் முடிவு செய்யட்டும். கொஞ்ச காலத்துக்குள் சாட்சி சொல்ல மேடைக்கு அழைப்பார்கள். கடைசித் தவணை முடியும்வரை மறுத்துவிடுங்கள். நீங்கள் யாருக்குக் கடன்பட்டிருக்கிறீர்களோ அவர் காதுக்கு அந்தச் சாட்சி எப்படிக் கேட்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

9. அடுத்த வேலையும் அதற்கான வேலியும்

விண்ணப்பப் படிவத்தில் முந்தைய வேலையை விட்ட காரணம் கேட்கப்பட்டால் உண்மையைச் சுருக்கமாக எழுதுங்கள்: "செலவுக் கணக்கில் நான் செய்த முறைகேட்டை நானே தெரிவித்தேன், பணிநீக்கம் செய்யப்பட்டேன், தொகை முழுவதும் திருப்பிச் செலுத்தப்பட்டுள்ளது." இன்னும் செலுத்தி முடியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். கேட்கப்படாத இடத்தில் முழுக்கதையையும் விரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் பணம் கையாளும் பொறுப்பைத் தருகிறவருக்கு அது தெரிந்திருப்பது நல்லது. உங்களுக்காகப் பரிந்துரை தரப்போகிறவரிடமும் முழு விவரத்தைச் சொல்லி வையுங்கள்.

வேலி என்பது உங்கள் பலவீனத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பணத்தில் விழுந்தவர், இரண்டாவது கையெழுத்து இல்லாமல் எந்தச் செலவும் தன் மேசையைக் கடக்காதபடி மேலாளரிடம் தாமாகவே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம். அறிக்கையில் பொய் சொன்னவர், மூலத் தரவை உடன் இணைக்காமல் அறிக்கை அனுப்புவதில்லை என்று முறை வைத்துக்கொள்ளலாம். துணையாளரை மாதம் ஒருமுறை சந்தித்து, தவணை ரசீதையும் அந்த மாதத்தில் தடுமாறிய இடத்தையும் காட்டுங்கள். எபேசியர் 4:28 திருடினவனை நிறுத்தச் சொல்வதோடு விடவில்லை, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகப் பிரயாசப்படவும் சொல்கிறது. தவணை முடிந்த மாதத்திலிருந்து அதே தொகையை அப்படி ஒதுக்கலாம்.

கடைசித் தவணை கட்டியதும், தொகை முழுவதும் பெறப்பட்டது, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கி, ரசீதுகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். மற்றவர்களின் பெயர்கள் உள்ள அந்த நோட்டை எப்போது அழிக்கலாம் என்பதை வழக்கறிஞரிடமும் துணையாளரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். வழக்கோ விசாரணையோ நடந்துகொண்டிருக்கும்வரை அதில் கை வைக்க வேண்டாம்.